மழையில் கார் சுற்றிவிட்டது: தப்பு என் பிரேக்கிலா, அத்தானின் டயரிலா?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 31. ஆறு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது, சொந்தக் கார் இல்லை. நவம்பரில் ஒரு கல்யாணத்துக்கு அக்கா வீட்டுக்காரரின் காரை வாங்கிக்கொண்டு மனைவி, மாமியாருடன் மதுரை போயிருக்கிறார். திரும்பும்போது கோவில்பட்டி தாண்டி, கயத்தாறுக்கு முன்னால் நல்ல மழை. "எனக்கு முன்னால் ஒரு பஸ் 90-ல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய வண்டியே போகிறதே என்று நானும் அதே வேகத்தில் வலது லேனில் ஏறினேன். ரோடு லேசாக வலது பக்கம் வளையும் இடம். ஸ்டீயரிங் திடீரென்று வலது பக்கம் இழுத்தது. இடது பக்கம் ஒடித்து, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஸ்டீயரிங்கில் பாரமே இல்லை. அடுத்த நொடி பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய் ரோட்டு நடுவில் இருக்கும் மீடியனில் இடித்தது. வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது" என்று எழுதியிருக்கிறார்.

பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த மாமியாருக்குத் தோளில் அடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. பின் பம்பர், லைட், வலது பக்கத் தகடு, ஒரு சக்கரம், அதன் டயர் எல்லாம் போய்விட்டன. ஒர்க்‌ஷாப்பில் 58,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அத்தான் சொன்னது: "ஏ.பி.எஸ். இருக்கிற வண்டியவே சுத்த விட்டுட்டியே, உனக்கு ஹைவே சரிப்படாது." அக்கா ஒன்றும் பேசவில்லையாம். அதுதான் இவருக்கு அதிகம் வலிக்கிறது.

இன்னும் சில விவரங்களையும் கடிதத்திலேயே கொடுத்திருக்கிறார். காருக்கு நாலரை வயது. ஆகஸ்டில் அத்தான் இரண்டு புது டயர் வாங்கி முன்னால் போட்டார். பின்னால் இருந்தவை வண்டியோடு வந்தவை. விபத்துக்குப் பிறகு டயர் கடையில் அளந்தபோது அவற்றின் பள்ளம் 2 மி.மீ. ஆழம் இருந்தது. மழைக்காலம் என்று கடைக்காரர் நாலு சக்கரத்திலும் காற்றை 26 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து வைத்திருந்தார், "கிரிப் கிடைக்கும்" என்று. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33.

அவர் கேட்பது: பிரேக் மிதித்ததுதான் தவறா? மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது? கிளெய்ம் போகலாமா, கையிலிருந்து கொடுத்துவிடலாமா? "ஆடு குறுக்கே வந்துச்சுன்னு எழுதிடுங்க சார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள், அப்படி எழுதலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

விபத்தான வண்டிகளைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் நான். உங்கள் கடிதத்தில் "பிரேக்" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்தப் பிரேக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் அதை மிதிக்கும்போது வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. உங்கள் கார் சுற்றியதற்கான ஏற்பாடு ஆகஸ்டில் டயர் கடையில் தொடங்கி, காற்றடிக்கும் இடத்தில் வளர்ந்து, அந்த பஸ்ஸின் வேகத்தைப் பார்த்து நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது நிறைவேறியது. இதில் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது. உங்கள் பங்கு வேகம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது மட்டும்தான் என்றும் சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்கு மேலே டயர்

உங்கள் காரின் டயர் ரோட்டில் படும் அகலம் சுமார் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர். 90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்குச் சுமார் 11 லிட்டர் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீரை ஒவ்வொரு வினாடியும் ஒரு டயர் பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். தள்ளுவதற்கு வழி டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்ணீர் அதில் ஓடிவிடும், ரப்பர் ரோட்டைத் தொடும். பள்ளம் தேய்ந்திருந்தாலோ, வேகம் கூடினாலோ, தண்ணீருக்கு விலக நேரம் இருக்காது. டயருக்கு முன்னால் சேர்ந்து, ஆப்பு போல அடியில் நுழைந்து, டயரைத் தூக்கிவிடும். இதைத்தான் அக்வாபிளேனிங் என்கிறார்கள். ஹைட்ரோபிளேனிங் என்பதும் இதுவே.

தூக்கிய பிறகு ஸ்டீயரிங், பிரேக், ஏ.பி.எஸ். எல்லாம் வெறும் பேச்சு. ஏ.பி.எஸ். செய்யும் வேலை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் உராய்வு இருந்தால்தான் அதற்கு வேலை. ரோட்டையே தொடாத டயரை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஆகவே "ஏ.பி.எஸ். இருந்தும் சுத்த விட்டுட்டியே" என்ற அத்தானின் வாதம் நிற்காது. வண்டி சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கும் இதே கதிதான். அதுவும் பிரேக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்குவது வேறு சங்கதி. அது மெதுவாகப் போனாலும் வழுக்கும். உங்களுக்கு நடந்தது அதுவல்ல.

காற்றைக் குறைத்தால் கிரிப் கூடுமா?

இதை நம்பாத கடைக்காரரை நான் பார்த்தது குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தில் வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் என்ற இருவர், ஈரமான ஓடுபாதையில் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்து 1963-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அதில் வந்த கணக்கு எளிது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். பள்ளம் தேய்ந்த டயருக்கும், பள்ளத்தைவிடத் தண்ணீர் ஆழமாக நிற்கும் இடத்துக்கும் பொருந்தும் தோராயக் கணக்கு இது. நல்ல டயர், மெல்லிய தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

உங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். 33 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 96 கி.மீ. 26 இருந்தால் சுமார் 85. நீங்கள் போனது 90.

இதைப் பார்த்ததும் "அப்படியானால் 33 வைத்திருந்தால் தப்பியிருப்பேன்" என்று அத்தானிடம் போய் நிற்காதீர்கள். 96-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு இடைவெளியே அல்ல. முழுதாக மிதப்பதற்கு வெகு முன்பே டயர் பாதி பிடியை இழக்கத் தொடங்கிவிடும். ஆனால் காற்றைக் குறைத்தது உங்களுக்கு உதவவில்லை, கெடுத்தது என்பது மட்டும் நிச்சயம். காற்று குறைந்த டயர் தண்ணீரை அழுத்தும் அழுத்தமும் குறைகிறது. நடுப்பகுதி உள்வாங்கிப் பள்ளங்களின் வாய் குறுகுகிறது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாமல் ஏறும். தேரிக்காட்டு மணலில் வண்டி இறக்குகிறவர் அதைச் செய்யட்டும். தார் ரோட்டில் 90-ல் போகிறவருக்கு அது நேர் எதிர்.

அதற்காக 40 அடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும், பிரேக் தூரம் நீளும், டயரும் நடுவில் தேயும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவு அல்ல. டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருப்பதுதான் அளவு. அதிலும் ஆள் நிறைய ஏறினால் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது பிடிப்பதுதான் சரியான கணக்கு. நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்பதெல்லாம் மழைக்குப் பொருட்டே இல்லை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

இப்போது அந்த பஸ்ஸைப் பாருங்கள். பஸ், லாரி டயர்களில் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காற்று இருக்கும். அதே கணக்குப்படி அது 167 வரை போகும். டயரின் வடிவம், பாரம் என்று பல விஷயங்கள் இருப்பதால் காலி லாரிகள் இந்தக் கணக்கைவிட முன்னதாகவே வழுக்குவதும் உண்டு. ஆனாலும் ஆள் ஏற்றிய பஸ் 90-ல் ஆடாமல் போகிறது என்பது உங்கள் காருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரிய வண்டியே போகிறதே என்று நீங்கள் நினைத்தது தலைகீழ் கணக்கு. மழையில் காரைவிட அதற்குத்தான் வசதி. கனமான எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எடை கூடினால் டயர் ரோட்டில் படும் பரப்பும் கூடிவிடுகிறது, அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. டயர் அகலமாக இருந்தால் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். அழகுக்காக அகல டயர் மாற்றுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

புதுசு முன்னால், பழசு பின்னால்

என் கணிப்பில் உங்கள் வண்டி சுற்றியதற்கு முதல் காரணம் இதுதான். "இன்ஜின் முன்னால, ஸ்டீயரிங் முன்னால, அப்போ புது டயரும் முன்னாலதான்" என்று நம் ஊரில் சொல்லிவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முன் டயர் பிடியை இழந்தால் என்ன ஆகும்? ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகும். பயத்தில் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். வேகம் குறையும், பிடி திரும்பும். பின் டயர் பிடியை இழந்தால் வண்டி சுற்றும். அதைத் திருத்த டிரைவருக்குக் கிடைப்பது ஒரு வினாடிகூட இல்லை, சாதாரண டிரைவர் யாரும் திருத்துவதும் இல்லை. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் நல்லவற்றைப் பின்னால் போடு என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. முன்சக்கரம் இழுக்கும் காரானாலும் அப்படித்தான்.

உங்கள் வார்த்தைகளை வைத்தே நடந்ததைச் சொல்கிறேன். வலது பக்கச் சக்கரங்கள் மட்டும் தேங்கிய தண்ணீருக்குள் போயின. தண்ணீர் அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுத்ததால் ஸ்டீயரிங் வலது பக்கம் போனது. பாரம் தெரியாமல் போனது, முன் டயர்களும் ஒரு கணம் மிதந்ததால். நீங்கள் இடது பக்கம் ஒடித்துப் பிரேக் அடித்தீர்கள். பிரேக் அடித்ததும் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகியது. முன்னால் புது டயர், அது சீக்கிரமே ரோட்டைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஒடித்து வைத்திருந்த இடது பக்கமே மூக்கைத் திருப்பியது. பின்னால் 2 மி.மீ. டயர், அது இன்னும் தண்ணீரின் மேல். பின்பக்கம் வலது பக்கம் சுழன்று மீடியனில் இடித்தது. முன் டயர் ஒதுக்கிய தடத்தில் வருவதால் பின் டயருக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவுதான். வளைவில் அந்தத் தடம் விலகிவிடும். நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால்கூட இவ்வளவு சுற்றியிருக்காது.

புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 94-ன்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும், இரு சக்கர வாகனத்துக்கு 0.8. ஆக உங்கள் அத்தானின் பின் டயர் சட்டத்துக்கு உட்பட்டதுதான். மழைக்கு அது போதாது. என்னைக் கேட்டால் 3 மி.மீ. வந்ததுமே டயர் மாற்றச் சொல்வேன். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டமும் முடிந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துப் பழகுங்கள். இனி யார் வண்டியை இரவல் வாங்கினாலும் முதலில் குனிந்து பின் டயரைப் பாருங்கள், பெட்ரோல் முள்ளை அப்புறம் பார்க்கலாம்.

அந்த ரோடு

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண். ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட ரோடு எவ்வளவு நன்றாகப் போட்டாலும் நாளடைவில் அலை அலையாக மேடு பள்ளம் வாங்கும். அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். நேரான ரோட்டில் தண்ணீர் வடிய 2 முதல் 2.5 சதவீதம் சரிவு கொடுத்திருப்பார்கள். வலது பக்கம் வளையும் இடத்தில் ரோடு முழுவதும் வலது பக்கம், அதாவது மீடியன் பக்கம் சாய்ந்திருக்கும். மழைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மீடியன் ஓரத்து வடிகால் துவாரம் மண்ணால் அடைத்துக்கொண்டால் வேகமாகப் போகிறவர்களின் லேன் குளமாகிவிடும். நீங்கள் ஏறியது அந்த லேன்.

லாரி அதிகம் போகும் இடது லேனிலும் சக்கரத் தடம் குழிந்து இரண்டு வாய்க்கால் போலத் தண்ணீர் நிற்பது உண்டு. பாலம் ஏறும், இறங்கும் இடத்திலும் அப்படித்தான். தடம் தெரிந்தால் அதிலிருந்து ஓரடி தள்ளி ஓட்டுங்கள். முன்னால் போகும் வண்டியின் சக்கரம் தண்ணீரை ஒதுக்கிய கோடு தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம், நல்ல இடைவெளி விட்டு.

வேகத்துக்கு வருகிறேன். போர்டில் போட்டிருக்கும் எண் காய்ந்த ரோட்டுக்கும் நல்ல வெளிச்சத்துக்கும். ரோட்டில் தண்ணீர் பளபளவென்று நின்று, முன்னால் போகும் வண்டி புகைபோலத் தண்ணீரைக் கிளப்பினால் 70-க்குக் கீழே வாருங்கள். வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் கண்ணாடி தெளியவில்லை என்றால் 50 போதும். குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அணைத்துவிடுங்கள். சக்கரம் பிடி இழந்தது உங்கள் காலுக்குத் தெரிவதற்கு முன் அது வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும். தடித்த மழையில் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிப்பதும் ஒரு டிரைவிங் திறமைதான். ஆனால் ஹைவே ஓரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், பங்க்கிலோ ஹோட்டல் வாசலிலோ நில்லுங்கள்.

மறுபடி அப்படி ஆனால்

வண்டி முன்கூட்டியே சொல்லும். அடித் தகட்டில் தண்ணீர் அடிக்கும் சத்தம் திடீரென்று மாறும். ஸ்டீயரிங் லேசாகும். முன்சக்கரம் இழுக்கும் காரில் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னினால் அதுவும் ஒரு எச்சரிக்கை.

அப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், படக்கென்று அல்ல. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வண்டி போகும் திசைக்கு நேராக வைத்திருங்கள். பிரேக் வேண்டாம். கியரைக் குறைக்க வேண்டாம். கிளட்ச்சை மிதித்துக்கொள்வதில் தவறில்லை. ஒன்றிரண்டு வினாடியில் வேகம் இறங்கி டயர் ரோட்டைத் தொடும், அது ஸ்டீயரிங்கில் பாரமாகத் தெரியும். அதன் பிறகு பிரேக்கைத் தொடலாம். டயர் மிதக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிடி கிடைத்த கணத்தில் வண்டி ஒடித்த பக்கமே பாயும். உங்களுக்கு அதுதான் நடந்தது.

பின்பக்கம் போகத் தொடங்கிவிட்டது என்றால், எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், மீடியனைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி, நிமிர்ந்ததும் நேராக்குங்கள். முன்னால் ஆள், வண்டி, வேறு வழியே இல்லை என்றால் ஏ.பி.எஸ். காரில் பிரேக்கை முழுதாக மிதித்தே இருங்கள், டயர் ரோட்டைத் தொட்டவுடன் அது வேலையைத் தொடங்கும்.

"மழையில் காலி ரோட்டில் பழகிப் பார்க்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. பொது ரோட்டில் அதற்கு இடமே இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும், படித்ததை வைத்து அந்த நொடியில் சரியாகச் செய்துவிடலாம் என்று நம்பாதீர்கள். கை தன் பழக்கத்தைத்தான் செய்யும். நீங்கள் செய்ததை நூறு பேரில் தொண்ணூறு பேர் செய்திருப்பார்கள் என்பதே என் அனுபவம்.

கிளெய்ம், ஆடு, அத்தான்

ஆட்டை விட்டுவிடுங்கள், பாவம். மழையில் தண்ணீரில் வழுக்கி மீடியனில் மோதியது தானாகவே ஒரு விபத்து, ஃபுல் கவர் பாலிசியில் அதற்கு இடம் உண்டு. பொய் தேவையே இல்லாத இடத்தில் பொய் எழுதினால், நியாயமான கிளெய்மையும் அது கெடுத்துவிடும். நேராகப் போய்ப் பிரேக் அடித்த வண்டியின் கீறலும் சுற்றி அடித்த வண்டியின் கீறலும் வேறுவேறு. எங்கள் ஆட்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

அதேபோல அத்தான் ஓட்டினார் என்று எழுதும் யோசனையும் வேண்டாம். அவர் சம்மதத்தோடு, செல்லும் லைசென்ஸ் வைத்திருக்கும் நீங்கள் ஓட்டியதால் பாலிசிக்குப் பாதகம் எதுவும் இல்லை. படிவத்தில் கையெழுத்து வண்டி உரிமையாளரான அவருடையது, டிரைவர் பகுதியில் உங்கள் பெயரும் லைசென்ஸும். மீடியன் உடைந்திருந்தால் அதையும் கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் பின்னால் பணம் கேட்டால், பிறர் சொத்துக்கான பொறுப்பு தனியார் காருக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை பாலிசியில் இருக்கிறது.

டயரைக் காட்டி மறுப்பார்களா? வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. மொட்டை டயர் என்றால் தகராறு வரலாம். 2 மி.மீ. சட்ட அளவுக்கு மேலே இருப்பதால் உங்கள் நிலை பலமானது. கடையில் அளந்ததைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் அத்தான் பெயரில் போகலாம், செலவில்லை.

58,000-மும் வந்துவிடாது. பம்பர் டு பம்பர் என்று எல்லோரும் சொல்லும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லாவிட்டால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதியைக் கழிப்பார்கள். நாலரை வயது வண்டியின் தகட்டில் 35 சதவீதம் கழிவு. டயருக்குப் பாதி விலை. அப்புறம் கட்டாயப் பிடித்தம் ஆயிரமோ இரண்டாயிரமோ.

இன்னொரு பக்கம், கிளெய்ம் எடுத்தால் அத்தானின் என்.சி.பி., அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் வருடம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதத்தை எட்டுகிறவர், கிளெய்ம் எடுத்தால் 0, 20, 25, 35, 45 என்று மறுபடி படியேற வேண்டும். வருடத்துக்கு வருடம் இழப்பைக் கூட்டினால் 12,500 ரூபாய். ஆகவே கம்பெனி தரும் தொகை இதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் கிளெய்ம் எடுங்கள், உங்கள் எஸ்டிமேட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கழிவுத் தொகையும் அந்த 12,500-ம் உங்கள் கையிலிருந்து. இப்படிக் கணக்குப் போட்டு அத்தான் முன் வைத்தால், "மன்னிச்சுக்கோங்க" என்று பத்துத் தடவை சொல்வதைவிட அது பேசும்.

டயர் விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? இதை அப்படியே அவருக்கு அனுப்பிவிடாதீர்கள். பணப் பேச்சு முடிந்த பிறகு, பின்னால் இரண்டு புது டயர் நீங்களே வாங்கிப் போட்டுக் கொடுங்கள். எப்படியும் ஒன்று கிழிந்துவிட்டது, அதன் பாதி விலைதான் கம்பெனி தரும். காற்று 33 பிடிக்கச் சொல்லுங்கள். "அத்தான், அக்காவும் பிள்ளைகளும் போற வண்டி, காற்ற மட்டும் குறைக்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை. தப்பு யார் மேல் என்ற வழக்கை அங்கே நடத்தாதீர்கள். அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். அவர் பேசாமல் இருப்பதற்குக் கோபம்தான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் நிற்கிறவர் வேறு என்ன செய்வார்?

மாமியாருக்கு: பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். வண்டி சுற்றும்போது பக்கவாட்டில்தான் ஆள் தூக்கி எறியப்படுவது. தோளோடு போனது.

கடைசியாக, நெடுஞ்சாலைத் துறை மேல் வழக்குப் போட முடியுமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, ரோட்டைத் தரமாக வைக்காததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. பணத்துக்காக நுகர்வோர் கோர்ட் ஏறினால் செலவாகும் காலத்துக்கு அது கட்டுபடியாகாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் புகார் கொடுங்கள். அடுத்த மழை நின்றதும், பகல் வெளிச்சத்தில், பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு அந்த இடத்தின் கிலோமீட்டர் கல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் நிற்பதைப் படம் எடுத்து, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் போடுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து ரோடு, மீடியன் ஓரமா இடது ஓரமா என்பதையும் சொன்னால்தான் அடைத்த துவாரத்தைத் தேடி வருகிறவருக்கு இடம் தெரியும்.